ஐந்து கட்டங்கள், ஒரு கையெழுத்து

மடவார் வளாகத்து வைத்தியநாதசுவாமி சன்னதிக்கு நோய் தீர வேண்டி வருகிறவர்கள் எதையும் கேட்டுத் தெளிந்துகொண்டு நிற்பதில்லை. திருமலை நாயக்கரின் வயிற்றுவலி இங்கே வேண்டிக்கொண்டுதான் தீர்ந்தது என்று கோயில் வரலாறு சொல்கிறது. பேறுகாலத்தில் தாய் வந்து சேராமல் வழியில் தவித்த பெண்ணுக்குச் சுவாமியே தாயாக வந்து மகப்பேறு பார்த்தார் என்றும் சொல்கிறது. அந்தச் சன்னதியில் சரணடைந்துவிடுவதுதான் முறை. ஆனால் அதே மனத்தோடு நாம் ஆஸ்பத்திரிக்குள்ளும் போய்விடுகிறோம். "நீங்க பாத்து செய்ங்க டாக்டர், எங்க கையெழுத்துப் போடணும்?" என்ற கேள்வியை ஸ்ரீவில்லிபுத்தூர் ஜி.எச்.சிலும் கேட்கலாம், ராஜபாளையத்துத் தனியார் மருத்துவமனைகளிலும் கேட்கலாம், மதுரைப் பெரியாஸ்பத்திரியிலும் கேட்கலாம்.

அந்த டாக்டர் சிகிச்சை மட்டும் பார்க்கிறவராக இருந்தால் இந்த நம்பிக்கை பெரும்பாலும் காப்பாற்றப்படும். அவரே ஒரு ஆய்வும் நடத்துகிறவராக இருந்தால் அவருக்கு அங்கே இரண்டு வேலை. நம் நோயைத் தீர்ப்பது ஒன்று. ஒரு கேள்விக்கு விடை தேடுவது இன்னொன்று. இரண்டும் ஒரே திசையில் போகும் நாட்களில் யாருக்கும் நஷ்டமில்லை. பிரிந்து போகும் நாளுக்காக எழுதப்பட்டதுதான் ஒப்புதல் படிவம்.

இங்கே உரை சொல்ல எடுத்துக்கொண்டிருக்கும் மூலம் அதுதான். 2019 மார்ச் 19 அன்று மத்திய அரசு அறிவித்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின் மூன்றாம் அட்டவணையில் அதன் மாதிரி இருக்கிறது. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். மேலே ஆளைப் பற்றிய விவரங்கள், நடுவில் ஐந்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே சுருக்கொப்பமிட ஒரு கட்டம், கீழே கையெழுத்துகள். அந்த வாக்கியங்களின் பொருளை என் தமிழில் தருகிறேன். மூவாயிரப்படி, ஆறாயிரப்படி என்று ஆண்டாள் பாசுரத்துக்குச் சொல் சொல்லாக நின்று பொருள் கேட்ட ஊர் இது. அந்தப் பொறுமையில் ஒரு பங்கை இந்த ஒற்றைத் தாளுக்கும் கொடுக்கலாம். உயிர் சம்பந்தப்பட்ட தாள்.

மேற்பகுதி: பெயர், வயது, முகவரி, படிப்பு, தொழில், ஆண்டு வருமானம், நாமினி

மில்லில் பி.எஃப். படிவம் நிரப்பியவர்களுக்கு நாமினி பழகிய சொல். அதனாலேயே இதை யோசிக்காமல் நிரப்பிவிட்டுப் போய்விடுகிறோம். யோசித்தால் தெரியும்: இந்த ஆய்வில் நீங்கள் இறந்துபோகவும் கூடும் என்று படிவமே ஒப்புக்கொள்ளும் இடம் இது. அப்படி நேர்ந்தால் பணம் யார் கைக்குப் போக வேண்டும் என்று அது கேட்கிறது. 2013 ஜனவரியில் இழப்பீட்டுக்கான விதி வந்தபோதுதான் இந்தப் பத்தியும் படிவத்தில் ஏறியது. வரக் காரணம் இருந்தது. 2005 தொடக்கத்திலிருந்து 2012 நடுப்பகுதி வரை 475 புதிய மருந்துகளின் பரிசோதனைகளில் 2,644 பேர் இறந்தார்கள் என்றும், அவற்றில் 80 இறப்புகளுக்குப் பரிசோதனையே காரணம் என்றும் அரசே உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மீதிப் பேரில் மிகப் பலர் ஏற்கெனவே கடும் நோயாளிகள் என்பது உண்மை. அந்த 80 பேரும் உண்மை.

ஆண்டு வருமானத்தை ஏன் கேட்கிறார்கள் என்ற சந்தேகம் நியாயமானது. இழப்பீட்டுக் கணக்கில் வருமானத்துக்கு இடமே இல்லை. அடிப்படைத் தொகை எல்லோருக்கும் 8 லட்சம். வயதுக்கு ஒரு காரணி, நோயின் தீவிரத்துக்கு ஒரு காரணி, அவ்வளவுதான். 65 வயதைத் தாண்டிய ஒருவர் நல்ல உடல்நிலையோடு ஒரு பரிசோதனையில் சேர்ந்து அதனாலேயே இறந்தால் 32 லட்சம். அதே வயதில் ஆறு மாதம்கூடத் தாங்காத நோயாளி என்றால் 4 லட்சம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறித் தொழிலாளிக்கும் வங்கி மேலாளருக்கும் ஒரே வாய்ப்பாடு. நம் சட்டங்களில் உயிருக்கு உயிர் சமம் என்று இவ்வளவு நேராகச் சொல்லும் இடங்கள் அதிகமில்லை. இதைப் படிவத்தை நீட்டுகிறவர் சொல்ல வேண்டும்.

முதல் கட்டம்: இன்ன தேதியிட்ட தகவல் தாளைப் படித்துப் புரிந்துகொண்டேன், கேள்வி கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது

இந்த ஒரு வரிக்குள் ஒரு முழுப் புத்தகம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இதற்கு முன்னால் கொடுத்திருக்க வேண்டிய தகவல் தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று விதியே பட்டியல் போடுகிறது. இது ஆராய்ச்சி என்பதை முதலில் சொல்ல வேண்டும். எத்தனை நாள், எத்தனை ஊசி, எத்தனை முறை ரத்தம் எடுப்பார்கள், என்ன கெடுதல் வரலாம், உங்களுக்கு நன்மை உண்டா, இல்லையென்றால் இல்லை என்பது, இதில் சேராவிட்டால் வேறு என்ன சிகிச்சை இருக்கிறது, காயம் பட்டால் யார் பார்ப்பார்கள், யாருக்குப் போன் செய்ய வேண்டும். புதிய மருந்து வேலை செய்யாமலும் போகலாம் என்று எழுதியிருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்கு மருந்தே இல்லாத மாத்திரை தரப்போகிறார்கள் என்றால், அது நோயைக் குணமாக்காது என்றும் எழுதியிருக்க வேண்டும்.

இவற்றில் நம் ஆட்களுக்குப் புரியவைக்கக் கடினமானது, யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும் என்ற செய்திதான். "எனக்கு எது நல்லதோ அதை டாக்டர் தருவார்" என்று நம்பி வந்தவரிடம், எது நல்லது என்று டாக்டருக்கே இன்னும் தெரியாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்வதற்கு டாக்டருக்குத் துணிவு வேண்டும். ஆனால் அதைச் சொல்லி நடந்த ஆய்வுகள் நம் பக்கத்திலேயே உண்டு. வயல் வேலையில் நெல் தோகையோ குச்சியோ கண்ணில் பட்டுக் காளான் தொற்றாகிப் புண்ணாவது நம் விவசாயக் கூலிகளுக்கு வரும் நோய். அதற்கு நேட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்து நல்லதா, வோரிகோனசோல் என்ற புதியது நல்லதா என்று அரவிந்த் கண் மருத்துவமனைகளில் குலுக்கல் முறையில் 323 நோயாளிகளிடம் சோதித்தார்கள். முடிவு 2013-இல் வெளியானது. பழைய மருந்துதான் வென்றது. புதியது என்றால் மேல் என்று எண்ணி எல்லோருக்கும் அதையே கொடுத்திருந்தால் எத்தனை கண்கள் போயிருக்கும்? குலுக்கலுக்குச் சம்மதித்த அந்த நோயாளிகள் உலகத்துக்கே ஒரு விடை கொடுத்தார்கள். ஆராய்ச்சி என்றாலே ஏமாற்று என்று பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

இந்தக் கட்டம் பொய்யாக நிரப்பப்பட்டதற்கும் உதாரணம் உண்டு. 2009-இல் பாத் என்ற அமெரிக்க அமைப்பும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டன. ஏழு சிறுமிகள் இறந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. தடுப்பூசிக்கும் அந்த இறப்புகளுக்கும் தொடர்பில்லை என்றுதான் விசாரணைகள் சொன்னன. அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தத் தடுப்பூசியும் நல்ல தடுப்பூசிதான். ஆனால் 2013-இல் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையைப் பாருங்கள். ஆந்திரத்தின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948-இல் கைநாட்டு; 2,763-இல் விடுதிக் காப்பாளரின் கையெழுத்து. பழங்குடிப் பெற்றோர் எங்கோ ஊரில் இருக்க, பிள்ளைகளின் உடம்புக்கு வார்டன் ஒப்புதல் கொடுத்தார். படித்தது யார், புரிந்துகொண்டது யார், கேள்வி கேட்டது யார்?

புரிந்ததா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 2006-இல் எய்ட்ஸ் தடுப்பூசியின் முதல் கட்டப் பரிசோதனை 32 ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் நடந்தது. அத்தகைய பரிசோதனைகளில் விளக்கிச் சொன்ன பிறகு, சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்பார்கள். இந்த ஊசி போட்டால் எய்ட்ஸ் வராது என்று யாராவது பதில் சொன்னால் மறுபடி முதலிலிருந்து விளக்குவார்கள். "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் எங்கள் ஊர் அம்மாக்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். "நான் என்ன சொன்னேன், நீங்க சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

இரண்டாம் கட்டம்: நான் சேர்வது என் விருப்பம், காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் என் சிகிச்சையோ சட்ட உரிமையோ பாதிக்கப்படாது

மற்ற நான்கு கட்டங்களும் இதன்மேல்தான் நிற்கின்றன. இது மெய்யானால் மற்றவற்றில் உள்ள குறைகளைச் சரிசெய்துகொள்ளலாம்; நோயாளி பிறகாவது விலகிக்கொள்வார். இது பொய்யானால் மற்ற நான்கிலும் அழகான சுருக்கொப்பம் இருந்து என்ன பயன்?

1947-இல் நியூரம்பர்க் நீதிமன்றம் நாஜி மருத்துவர்கள் வழக்கில் வகுத்த பத்து நெறிகளில் முதலாவதாக வைத்தது மனிதனின் சொந்த விருப்பத்தைத்தான். அங்கே வதைமுகாம், துப்பாக்கி, முள்வேலி. நம் ஊரில் வற்புறுத்தல் அப்படி வராது. அன்பாகவே வரும். "ஒரு சின்ன ஸ்டடி பண்றோம்மா, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்பார் டாக்டர். அவரிடம்தான் அடுத்த மாதமும் சர்க்கரைக்கோ பிரஷருக்கோ போக வேண்டும். மகன் அறுவை சிகிச்சைக்கு அவர் கையைத்தான் பார்க்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் முகம் சுளித்துவிடுவாரோ, அடுத்த தடவை வரிசையில் கடைசியில் உட்காரவைத்துவிடுவார்களோ என்ற பயம் வாயைக் கட்டிவிடும். காப்பீட்டு அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு கூலித் தொழிலாளிக்கு, சிகிச்சை தன் உரிமை என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. தயவு என்றே அவர் நினைக்கிறார். தயவு செய்கிறவரிடம் மறுப்புச் சொல்வது நன்றிகெட்டதனம் என்றும் நினைக்கிறார்.

ராஜபாளையத்திலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போகும் குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. அந்த மையத்தில் 1999, 2000 ஆண்டுகளில் வாய்ப்புற்று நோயாளிகள் இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கட்டிக்குள்ளேயே ஒரு புதிய வேதிப்பொருளை ஊசியாகச் செலுத்தினார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானி ஒருவரின் கண்டுபிடிப்பு அது. மையத்தின் மருத்துவர் ஒருவரே கேள்வி எழுப்பியதால் 2001-இல் விஷயம் வெளியே வந்தது. தன் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமலேயே அந்த ஆய்வு நடந்தது என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. மனிதர்கள்மீது நடக்கும் ஆய்வுகளுக்கு அந்த விஞ்ஞானி இனித் தலைமை தாங்கக் கூடாது என்று தடையும் போட்டது. நான் நினைத்துப் பார்ப்பது அந்த நோயாளிகளின் நிலையை. வாய்ப்புற்று வந்தவரால் சரியாகப் பேசவே முடியாது. ஊர் விட்டு வந்து, லாட்ஜில் தங்கி, கதிர்வீச்சுக்காகக் காத்திருக்கிறவர். மருத்துவமனை சொல்லும் எதையும் சிகிச்சையின் பகுதி என்றுதான் எடுத்துக்கொள்வார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எங்கே இடம்?

இதைவிடச் சிக்கலானது திண்டுக்கல் ஆய்வு. அதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அதனால்தான் அது மனத்தை அரிக்கிறது. வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, வெண்திட்டு தெரிகிறதா என்று பயிற்சி பெற்ற நர்ஸ் பார்த்தாலே புற்றுநோயை முன்கூட்டிப் பிடிக்கலாமா என்பது கேள்வி. 2000 முதல் திண்டுக்கல் மாவட்டத்தை 114 தொகுதிகளாகப் பிரித்தார்கள். குலுக்கலில் 57 தொகுதிகளுக்குப் பரிசோதனை, 57 தொகுதிகளுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். முதல் பாதியில் 30 முதல் 59 வயது வரையான 49,311 பெண்கள். அடுத்த பாதியில் 30,958 பெண்கள். 2007-இல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, பரிசோதனை கிடைத்த பக்கத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. அந்தப் பக்கம் 83 இறப்பு. எண்ணிக்கையில் சிறிய மறுபக்கத்தில் 92.

பயன் பெரியது. தேனியிலும் தஞ்சாவூரிலும் 2007-இல் தமிழக அரசு இதே பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்க விரித்தது. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெண்களுக்குக் கிடைக்கும் சோதனைக்குப் பின்னால் அந்தத் திண்டுக்கல் பெண்கள் இருக்கிறார்கள். ஆனாலும் பரிசோதனை உயிர் காக்கும் என்பது அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. இங்கே ஒரு பாதிப் பெண்களை அது இல்லாமல் விட்டுவைத்துக் கணக்கெடுத்தது சரியா என்று சில அமெரிக்க மருத்துவர்கள் பின்னால் கடுமையாகக் கேட்டார்கள். மும்பை, உஸ்மானாபாத் ஆய்வுகளையும் சேர்த்தே கேட்டார்கள். அங்கே வழக்கத்திலேயே பரிசோதனை கிடையாது, நாங்கள் எதையும் பறிக்கவில்லை என்று ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள்.

இந்த இரண்டாம் கட்டத்தை வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. பரிசோதனை வந்த ஊர்களில் அழைக்கப்பட்டவர்களில் 63.6 விழுக்காட்டினர்தான் வந்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரவில்லை. வெட்கமோ வேலையோ பயமோ, அவர்களால் வராமல் இருக்க முடிந்தது. மறுபாதி ஊர்ப் பெண்ணுக்கு அப்படி ஒரு வாய்ப்பு இல்லை. அவளுடைய ஊர் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்துவிட்டது. பரிசோதனை இல்லாத பக்கம் எனக்கு வேண்டாம் என்று அவள் யாரிடம் சொல்வாள்? தனி ஆளுக்குப் பதில் ஊரையே குலுக்கிப் போடும் ஆய்வுகளில் விருப்பம் என்பதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு எனக்கு நிறைவான விடை கிடைத்ததில்லை. குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம். இன்ன சோதனை இன்ன நோயைத் தடுக்கும், இந்த ஊரில் நாங்கள் இப்போது அதைச் செய்யவில்லை, வேண்டுமானால் இன்ன ஆஸ்பத்திரியில் கேளுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் நேராகச் சொல்லிவிடலாம். அதனால் ஆய்வின் கணக்கு கொஞ்சம் கலங்கும். கலங்கட்டும்.

நம் மாவட்டத்துக்கு இது தூரத்துக் கதை இல்லை. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கல்லூரி வளர வளர ஆய்வுகளும் வளரும். மேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுத வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை சிறியவை, ரத்தம் எடுத்தல், கேள்வித்தாள், எக்ஸ்ரே. புதிய மருந்து விதிகளுக்குள் வராதவற்றுக்கும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் இதே ஒப்புதலைக் கேட்கின்றன. இளம் டாக்டருக்கு இத்தனை நோயாளிகளை இத்தனை மாதத்துக்குள் சேர்த்தாக வேண்டிய நெருக்கடி. வெளிநோயாளி வரிசை வாசல் வரை நிற்கிறது. அப்படிப்பட்ட காலை நேரத்தில் இரண்டாம் கட்டம்தான் முதலில் பலியாகும்.

நெறிமுறைக் குழுவுக்கு என் யோசனை ஒன்று உண்டு. ஆய்வை மறுஆய்வு செய்யும்போது எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்பதோடு, எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள் என்றும் கேளுங்கள். நூறு பேரைக் கேட்டு நூறு பேரும் ஒப்புக்கொண்டார்கள் என்றால் அது நல்ல செய்தி இல்லை. அங்கே யாராலும் மறுக்க முடியவில்லை என்றுதான் நான் பொருள்கொள்வேன். மறுத்தவர்கள் அதே வாரம் அதே டாக்டரிடம் அதே சிகிச்சை பெற்றார்களா என்பதையும் பதிவேட்டில் பார்க்கலாம். படிவத்தின் இந்த வாக்கியம் உண்மையா என்று சோதிக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் கட்டம்: ஆய்வை நடத்தும் நிறுவனம், நெறிமுறைக் குழு, அரசு அதிகாரிகள் என் மருத்துவப் பதிவுகளைப் பார்க்க என்னிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை; என் அடையாளம் வெளியே போகாது

முதல் பாதி தேவையானது. பதிவுகளை வெளியாட்கள் பார்த்துச் சரிபார்க்காவிட்டால் தில்லுமுல்லு கண்டுபிடிக்கப்படாது. இரண்டாம் பாதியைச் சின்ன ஊரில் காப்பாற்றுவது கடினம். பெயரை எடுத்துவிட்டு, "இன்ன ஊர், இன்ன சமூகம், நாற்பது வயது, மில் தொழிலாளி, இந்த நோய்" என்று எழுதினால் தெருவில் உள்ளவர்களுக்கு ஆள் தெரிந்துவிடும். பெண்ணின் கருப்பை சம்பந்தப்பட்டதோ, காசநோயோ, எச்.ஐ.வி.யோ என்றால் கல்யாணப் பேச்சு வரை அது போகும். எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துப் பரிசோதனைகளில் ஒப்புதல் பெறும் காட்சியைப் பதிவு செய்யும்போது முகத்தைப் படம் பிடிக்க வேண்டாம், குரலை மட்டும் பதிவு செய்தால் போதும் என்று விதி சொல்வது இதனால்தான்.

நான்காம் கட்டம்: அறிவியல் நோக்கத்துக்காக மட்டும் என்றால், இதில் கிடைக்கும் தரவுகளையும் முடிவுகளையும் பயன்படுத்துவதை நான் தடுக்கமாட்டேன்

மனமுவந்து ஒப்பமிடத் தகுந்த வாக்கியம். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில் 193 ஏழை நோயாளிகளில் பாதிப் பேர் சானடோரியத்திலும் பாதிப் பேர் தங்கள் நெருக்கடியான வீடுகளிலும் மருந்து சாப்பிட்டார்கள். வீட்டிலேயே குணமாகலாம், வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை என்று 1959-இல் முடிவு வந்தது. உலகம் முழுக்கக் காசநோயாளிகளை வருடக்கணக்கில் அடைத்துவைக்கும் வழக்கம் தளர்ந்ததற்கு அந்தத் தரவு பெரிய காரணம். இந்த வாக்கியத்தில் கவனிக்க வேண்டியது "அறிவியல் நோக்கத்துக்காக மட்டும்" என்ற வரம்பு. எடுத்த ரத்தத்தில் மிச்சத்தைச் சேமித்துவைத்து நாளை வேறு ஆய்வுக்கு எடுப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும்.

ஐந்தாம் கட்டம்: இந்த ஆய்வில் பங்கேற்கச் சம்மதிக்கிறேன்

உரை தேவையில்லை. முன் நான்கும் நடந்திருந்தால் இது நடந்ததாகும்.

கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை. நோயாளியோ, சட்டப்படி அவர் சார்பில் முடிவெடுக்கக்கூடியவரோ

"வீட்டுக்காரர் வரட்டும், அவர் போடுவார்" என்பது நம் பெண்களின் வழக்கம். வீட்டாரோடு கலந்து பேசுவதில் தவறில்லை, அது நல்லதும்கூட. ஆனால் சுயநினைவோடு உள்ள வயதுவந்த ஒருவரின் உடம்புக்கு அவர்தான் ஒப்புதல் தர முடியும். 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. டெல்லியில் பரிசோதனைக்காக மட்டும் சம்மதித்து மயக்க மருந்தில் இருந்த ஒரு பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே காத்திருந்த தாயிடம் கையெழுத்து வாங்கி எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது தாயின் ஒப்புதல் செல்லாது என்றது நீதிமன்றம். அது சிகிச்சை வழக்கு. சிகிச்சைக்கே இப்படி என்றால் ஆராய்ச்சிக்கு இன்னும் கடுமையாகவே கொள்ள வேண்டும். ரேகை வைக்கிறவர் கையெழுத்துப் போடுகிறவரைவிடக் குறைந்தவரும் இல்லை. எழுத்துத்தான் தெரியாது, தன் உடம்பு தெரியும்.

சாட்சியின் கையெழுத்து

படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டி விளக்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது விதி. கூடவே என்பதை அடிக்கோடிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு நடைபாதையில் போகிறவரைக் கூப்பிட்டு "இதுல ஒரு சைன் போடுங்க" என்பது சாட்சி இல்லை. வார்டில் அதே டாக்டரின் கீழ் வேலை பார்க்கிறவரும் சாட்சி இல்லை. மருந்துப் பரிசோதனைகள் பற்றிய பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2013-இல் ஒப்புதல் பெறும் காட்சியை ஒலி ஒளிப்பதிவு செய்வது கட்டாயமானது. 2015-இல் அதைச் சுருக்கி, முற்றிலும் புதிய மருந்துப் பொருள்களின் பரிசோதனையில் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு மட்டும் என்றார்கள். அந்தச் சுருக்கம் தேவையற்றது என்பது என் கருத்து. இன்று ஒவ்வொருவர் கையிலும் காமிரா இருக்கிறது.

இந்தப் படிவத்தின் நகலும் தகவல் தாளின் நகலும் நோயாளியிடம் கொடுக்கப்பட வேண்டும்

படிவத்தின் கடைசி வரி, சிறிய எழுத்தில் அடைப்புக்குறிக்குள் இருப்பது. அதிகம் மீறப்படக்கூடியதும் இதுதான். 2020-இல் சென்னையில் கோவிஷீல்டு தடுப்பூசிப் பரிசோதனையில் சேர்ந்த ஒருவர் தனக்குக் கடுமையான நரம்புப் பாதிப்பு ஏற்பட்டதாகச் சொல்லி 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மறுத்த சீரம் நிறுவனம், 100 கோடிக்கு மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவோம் என்று பதிலுக்கு அறிவித்தது. யார் சொன்னது சரி என்பது மருத்துவம் முடிவு செய்ய வேண்டியது. ஒரு நோயாளிக்கும் ஒரு நிறுவனத்துக்கும் உள்ள பலத்தின் வித்தியாசம் அந்த இரண்டு தொகைகளிலேயே தெரிகிறது. அப்படி ஒரு நாள் வந்தால் ஏழையின் கையில் இருக்கக்கூடிய ஒரே ஆதாரம் இந்த நகல். பரிசோதனையில் பாதிப்பு வந்தால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும், தேவைப்படும்வரை இலவச சிகிச்சை தர வேண்டும் என்பவற்றைக் கேட்டு வாங்குவதற்கும் இந்தத் தாளில் உள்ள போன் நம்பர்தான் வழி.

விதி நகலைக் கொடுக்கச் சொல்கிறது; எப்போது என்று அழுத்திச் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கிய பிறகு கொடுப்பதே வழக்கம். அவசர சிகிச்சை இல்லாத எந்த ஆய்வுக்கும் தகவல் தாளை முதல் நாளே கொடுத்தனுப்பலாம். வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண் பாட்டிக்கு வாசித்துக் காட்டுவாள். பக்கத்து வீட்டு நர்ஸ் ஒரு வரியில் விரல் வைத்து, "இதைக் கேட்டியாக்கா?" என்பார். மறுநாள் வரும்போது அவர்களிடம் கேள்விகள் இருக்கும். நெறிமுறைக் குழுவில் மருத்துவம் சாராத சாதாரண ஆள் ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்பது சட்டம். குழுவில் பாதிப் பேர் அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும். விருதுநகரிலோ மதுரையிலோ அந்த நாற்காலியில் உட்காரும் நம் ஊர்க்காரர் யாராக இருந்தாலும், ஒவ்வோர் ஆய்வுக்கும் இந்த ஒரு நாள் இடைவெளியைக் கேட்டு எழுதி வாங்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.